மூடிய மலைப்பாதையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எப்படிப் பதிவது?

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு ஒற்றையடிப் பாதையை வனத்துறை பலகை வைத்து மூடிவிட்டது. யாரும் திருத்தக்கூடிய திறந்த இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒருவர் அந்தக் கோட்டை அழித்தார். சில மாதங்களில் வேறொருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மறுபடி வரைந்துவிட்டார். இதில் எது சரி? முழுத் தடை இல்லாமல் 'போக வேண்டாம்' என்று கேட்டுக்கொள்ளும் அளவில் இருக்கும் பாதைகளை என்ன செய்வது?

பதில்:

கோட்டை அழிக்க வேண்டாம். அனுமதியைச் சொல்லும் குறிச்சொற்களை மாற்றுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்பதை அந்தக் கோட்டிலேயே எழுதி வையுங்கள். சுருக்கமான பதில் இதுதான். ஆனால் எந்தப் பலகைக்கு எந்தக் குறிச்சொல், எந்த நிலையில் கோட்டையே எடுத்துவிடலாம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். குறிச்சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். எடிட்டரில், அதாவது வரைபடத்தைத் திருத்தும் மென்பொருளில், இடும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் இட வேண்டும். சமக்குறிக்கு முன்னால் இருப்பது சாவி, பின்னால் இருப்பது மதிப்பு.

அழிப்பது ஏன் தவறு என்று பார்ப்போம். அழித்த கோடு எடிட்டரில் அடுத்தவருக்குத் தெரியாது. வீட்டிலிருந்தபடி வரையும் ஒருவர் பிங் அல்லது எஸ்ரி செயற்கைக்கோள் படத்தைத் திறக்கிறார். புல்வெளியில் வெளிறிய கோடு ஒன்று தெளிவாக ஓடுகிறது. உடற்பயிற்சிச் செயலி பயன்படுத்துவோர் நடந்த தடங்களைத் தொகுத்துக் காட்டும் ஸ்ட்ராவா ஹீட்மேப்பிலும் அதே இடத்தில் வரி தெரிகிறது. 'இந்தப் பாதை விடுபட்டிருக்கிறதே' என்று நல்லெண்ணத்தோடு ஹைவே=பாத் என்று வரைந்துவிடுகிறார். அனுமதி பற்றிய குறிச்சொல் எதுவும் இல்லாத பாதையை எல்லாச் செயலிகளும் நடக்கத் திறந்த பாதையாகத்தான் எடுத்துக்கொள்ளும். மூடல் பற்றிய தகவல் அடியோடு போய், திறந்த பாதை ஒன்று வரைபடத்துக்கு வந்துவிடுகிறது. பாதையைக் காக்க நினைத்து அழித்தவர் விரும்பியதற்கு நேர் எதிரான விளைவு இது.

இன்னொரு காரணம் கிளை பிரியும் இடங்கள். சோலைக்காட்டுக்குள் நடப்பவர் முன்னால் பாதை இரண்டாகப் பிரிகிறது. வரைபடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. மூடிய கிளை நன்றாகத் தேய்ந்த பழைய பாதையாகவும், அனுமதிக்கப்பட்ட கிளை புல் மண்டியதாகவும் இருந்தால் அவர் மூடியதில்தான் இறங்குவார். 'வரைபடத்தில் இருக்கும் பாதை இதுவாகத்தான் இருக்கும்' என்று நினைப்பார். மரக்கவிகை அடியில் ஜிபிஎஸ் பத்து இருபது மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால் தவறு உடனே தெரியாது. இரண்டு கிளைகளும் வரைபடத்தில் இருந்து, ஒன்றில் தடை குறித்திருந்தால் அந்த இடத்திலேயே தெளிவாகிவிடும். காட்டுத்தீ அணைக்கப் போகும் குழு, வழி தவறியவரைத் தேடும் குழு, ரோந்து செல்லும் வேட்டைத் தடுப்புக் காவலர் எல்லோருக்கும் மூடிய பாதையும் பாதைதான். அதே தடத்தில் அன்றாடம் நடக்கும் பளியர், காணி, காடர் குடியிருப்புகளின் மக்களை விட்டுவிட முடியாது. சுற்றுலாப் பயணிக்கு மூடியது அவர்களுக்கு ஊர்ப்பாதை.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் மதிக்க வேண்டும். 'வரைபடத்தில் கோடு இருந்தாலே ஆள் வருகிறது, தடையைச் செயலி ஒழுங்காகக் காட்டுவதில்லை' என்று வன அலுவலர்கள் சொல்வது பல நேரங்களில் உண்மை. சில வரைபடங்கள் தடை செய்த பாதையை மங்கலாகக் காட்டும், சிலவற்றில் எந்த வேறுபாடும் தெரியாது. நியூசிலாந்தின் வைட்டாகெரே மலைத்தொடரில் கௌரி மரங்களின் வேரை அழுகவைக்கும் நுண்ணுயிர் நடப்பவர்களின் காலணி மண்ணில் பரவுவதால், மரபுவழி உரிமையுள்ள மாவோரி மக்கள் 2017 டிசம்பரில் அந்தக் காட்டுக்கு ராஹுயி என்ற மரபுத் தடை விதித்தார்கள். ஆக்லாந்து மாநகர மன்றம் 2018 மே 1 முதல் காட்டுப்பகுதியைச் சில விதிவிலக்குகளோடு மூடியது. அங்கே ஒரே ஒருவர் தவறாக நடந்தாலும் கேடு விளையலாம். அப்படிப்பட்ட இடத்துக்கும் விடை துல்லியமான குறிச்சொல்தான், ஏனென்றால் வெற்றிடத்தை யாராவது நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். தடை செய்த பாதையைக் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபடுத்தி வரையச் சொல்லிச் செயலி தயாரிப்பவர்களிடம் கேட்பது இதோடு சேர்ந்தே நடக்க வேண்டிய வேலை. அமெரிக்காவில் டிரெயில்ஸ் ஸ்டூவர்ட்ஷிப் இனிஷியேட்டிவ் என்ற பெயரில் நில மேலாளர்கள், செயலிக்காரர்கள், வரைபடத் தன்னார்வலர்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசும் முயற்சி நடக்கிறது. நமக்கும் அது தேவை.

இனி பலகைகளுக்கு வருவோம். பலகையில் உள்ள வாசகத்தை முழுதாகப் படிக்காமல் குறிச்சொல் இடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 'யானைகள் நடமாடும் பகுதி, கவனமாகச் செல்லவும்' என்பது எச்சரிக்கை மட்டுமே. அனுமதிக் குறிச்சொல் எதையும் மாற்றக் கூடாது. டிஸ்கிரிப்ஷன் சாவியில் எழுதலாம். 'அருவியில் குளிக்கத் தடை' என்பது குளிப்பதற்கான தடை. அருவிக்குப் போகும் பாதைக்கு அதைப் பொருத்திவிடக் கூடாது. 'அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது' என்றால் அனுமதி பெற்றால் போகலாம் என்று பொருள். 'பொதுமக்கள் செல்லத் தடை' என்பதுதான் முழுத் தடை. 'இது தனியார் எஸ்டேட் பாதை' என்பது வேறொரு வகை. ஐந்துக்கும் ஒரே குறிச்சொல்லை இட்டால் வரைபடம் பொய் சொல்லும்.

முழுத் தடைக்கு ஆக்சஸ்=நோ இடுங்கள். ஃபுட்=நோ மட்டும் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஹைவே=பாத் என்பதற்கு மிதிவண்டியும் போகலாம் என்பது இயல்பான பொருள். நடப்பவரை மட்டும் தடுத்துவிட்டால், மலைமிதிவண்டிக்கு வழி கேட்பவரைச் செயலி அதே பாதையில் அனுப்பிவிடும். எல்லோருக்கும் மூடியதென்றால் ஆக்சஸ் சாவியே சரி.

அனுமதிச் சீட்டு வாங்கினால் போகலாம் என்ற இடத்துக்கு ஃபுட்=பெர்மிட். தமிழ்நாட்டு வனப்பாதைகளில் பெரும்பகுதி இதில்தான் வரும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 27-ஆவது பிரிவு சரணாலயத்துக்குள் யார் யார் நுழையலாம் என்று வரையறுக்கிறது: பணியில் உள்ள அரசு ஊழியர், தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதியோடு அங்கே வசிப்பவர், உள்ளே அசையாச் சொத்தில் உரிமை உள்ளவர், பொதுச் சாலை வழியாகக் கடந்து செல்பவர், அவர்களைச் சார்ந்தவர்கள். மற்ற எல்லோருக்கும் 28-ஆவது பிரிவின்படி அனுமதிச் சீட்டு வேண்டும். ஆகவே சரணாலயத்துக்குள் பலகையே இல்லாத ஒற்றையடிப் பாதையும் திறந்த பாதை ஆகிவிடாது. 'பலகை எதுவும் பார்க்கவில்லை, அதனால் ஃபுட்=யெஸ் போட்டேன்' என்பது இங்கே செல்லாது. சரணாலய எல்லை வரைபடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெர்மிட்டுக்கும் பிரைவேட்டுக்கும் உள்ள வேறுபாடு எளிது. விண்ணப்பிக்கும் யாருக்கும் வழக்கமாகக் கொடுக்கும் அனுமதி என்றால் பெர்மிட். உரிமையாளர் ஆளைப் பார்த்துத் தன் விருப்பப்படி விடுவார் என்றால் பிரைவேட். வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் உள்பாதைகள் பெரும்பாலும் ஃபுட்=பிரைவேட். அதே தோட்டத்தில் ஊர்மக்கள் கோயிலுக்கும் பள்ளிக்கும் குறுக்கே நடக்கும் பாதையை நிர்வாகம் தடுக்காமல் விட்டிருந்தால் அது ஃபுட்=பெர்மிசிவ்; உரிமையாளர் நினைத்தால் நாளை நிறுத்தலாம் என்பதும் அந்த மதிப்புக்குள் அடங்கும்.

'போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்' வகைக்கு ஃபுட்=டிஸ்கரேஜ்ட். இதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை. அந்த மண்ணுக்குரிய அனங்கு மக்கள் தங்கள் மரபுச் சட்டப்படி அது புனிதமான இடம், ஏற வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஏறுவது அப்போது சட்டப்படி தடையில்லை. பிடித்து ஏறச் சங்கிலியும் இருந்தது. அந்தக் காலத்து நிலைக்குச் சரியான மதிப்பு டிஸ்கரேஜ்ட். 2019 அக்டோபர் 26-ஆம் தேதி ஏறுவது நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது. அந்த நிலம் அனங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்ட 1985 அக்டோபர் 26-ஆம் தேதியின் ஆண்டுநாள் அது. அன்றிலிருந்து அது ஆக்சஸ்=நோ. பாறையில் தலைமுறைகளாகப் பதிந்த கால்தடத் தேய்மானம் சங்கிலியை எடுத்த பின்னும் மறைந்துவிடவில்லை. ஒரே தடத்துக்கு ஒரே நாளில் மதிப்பு மாறியது.

டிஸ்கரேஜ்ட் இடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இடத்துக்குப் பொறுப்பான அமைப்பின் பலகையோ அறிவிப்போ இருக்க வேண்டும். பாதை செங்குத்தாக இருக்கிறது, அட்டை அதிகம், எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் அதைப் போடக் கூடாது. கடினத்துக்கு எஸ்ஏசி_ஸ்கேல் இருக்கிறது. தடம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதற்கு டிரெயில்_விசிபிலிட்டி இருக்கிறது; எக்ஸலன்ட்டில் தொடங்கி குட், இன்டர்மீடியட், பேட், ஹாரிபிள், நோ வரை ஆறு மதிப்புகள். யாரும் அமைக்காமல் ஆள் நடந்து நடந்து உருவான பாதைக்கு இன்ஃபார்மல்=யெஸ். இந்தக் கடைசிக் குறிச்சொல்லைத் தடை என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். அது பாதை உருவான விதத்தைச் சொல்கிறது, அனுமதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பருவத் தடைதான் நம் மலைகளில் சிக்கலானது. குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ஆம் தேதி காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்த பிறகு, தீக்காலத்தில் பாதைகளை மூடுவது என்பது வெறும் நிர்வாக நடைமுறையாக இல்லை. மாநில அரசு 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியது; இணையத்தில் பதிவு, உள்ளூர் வழிகாட்டி துணை. 2025-இல் காட்டுத்தீக் காலம் கருதி பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை நிறுத்தி வைத்தார்கள். அப்படிப்பட்ட பாதைக்கு இப்படி இடலாம்:

ஹைவே=பாத்
ஃபுட்=பெர்மிட்
ஃபுட்:கண்டிஷனல்=நோ @ (2025 பிப் 15-2025 ஏப் 15)

மாதங்களின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் முதல் மூன்றெழுத்தாக, முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கி எழுத வேண்டும். ஆண்டைச் சேர்த்தால் அந்தத் தேதி கடந்ததும் நிபந்தனை தானாகக் காலாவதியாகும். யாரும் நீக்க மறந்தாலும் தீங்கில்லை. ஒவ்வொரு ஆண்டும் அதே தேதிதான் என்று உறுதியான அறிவிப்பு இருந்தால் மட்டும் ஆண்டை விடுங்கள்.

கோவை வெள்ளியங்கிரி மலையில் இது தலைகீழ். பூண்டியிலிருந்து ஏழு மலை ஏறும் பாதை பக்தர்களுக்குப் பிப்ரவரி முதல் மே வரை மட்டும் திறக்கிறது. அங்கே அடிப்படை மதிப்பை ஃபுட்=நோ என்று வைத்து, ஃபுட்:கண்டிஷனல்=யெஸ் @ (பிப்-மே) என்று திறப்பதே முறை. ஃபுட்=யெஸ் வைத்து மற்ற எட்டு மாதத்தைத் தடுத்தாலும் பொருள் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் நிறையச் செயலிகள் கண்டிஷனல் சாவியைப் படிப்பதே இல்லை; அடிப்படை மதிப்பை மட்டும் பார்க்கும். அப்போது எந்தப் பக்கம் தவறினால் குறைந்த தீங்கு என்று யோசித்து அடிப்படை மதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூடிய பாதையைத் திறந்ததாகக் காட்டுவதை விட, திறந்த பாதையை மூடியதாகக் காட்டுவது மேல்.

சதுரகிரி இன்னும் கடினம். தாணிப்பாறையிலிருந்து ஏறும் பாதையில் பல ஆண்டுகள் பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும் விட்டார்கள். கண்டிஷனல் சாவியின் தேதி இலக்கணத்துக்குத் திதி தெரியாது. நிலவை வைத்து எழுத வழியே இல்லை. ஒவ்வொரு மாதத் தேதியையும் எண்ணாக எழுதி நிரப்பியவர்களும் உண்டு. அடுத்த பஞ்சாங்கத்தோடு அது பாழ். இத்தகைய இடத்தில் ஃபுட்=பெர்மிட் வைத்து, விதியை டிஸ்கிரிப்ஷன் சாவியில் மனிதர் படிக்கும் தமிழிலேயே எழுதிவிடுவது போதும். இந்த விதிகள் நீதிமன்ற உத்தரவாலும் மழையாலும் மாறக்கூடியவை என்பதால் சரிபார்த்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு வார மழைக்காக மூடியதைப் பதிய வேண்டாம். செயலிகள் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்பவை. ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற வரைபடச் செயலிகளில் பயனர் கையில் இருப்பது பல வாரம் பழைய பிரதியாக இருக்கலாம். உங்கள் 'மூடியது' அவருக்குப் போய்ச் சேரும்போது பாதை திறந்திருக்கும். நீங்கள் அதை நீக்கியது போய்ச் சேர இன்னும் பல வாரம் ஆகும். குறைந்தது இரண்டு மூன்று மாதம் நீடிக்கும் மூடலையே பதியுங்கள் என்பது என் பரிந்துரை.

அடுத்து, கோடே மாற வேண்டிய நிலை. இதைத் தீர்மானிப்பது தரை. உத்தரவுக்கு இதில் இடமில்லை. பாதை தெளிவாகத் தெரிகிறது, தடை மட்டும் உள்ளது என்றால் ஹைவே=பாத் அப்படியே இருக்கட்டும். பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள், புல் ஏறத் தொடங்கியிருக்கிறது, வெட்டிவிட்டால் மீண்டும் பயன்படும் என்றால் சாவியை டிஸ்யூஸ்டு:ஹைவே=பாத் என்று மாற்றுங்கள். லண்டானா மூடி, படிகள் சரிந்து, தடத்தின் சுவடு மட்டும் இருந்தால் அபண்டன்டு:ஹைவே=பாத். மண் வெட்டிப் புரட்டி, முட்கிளை பரப்பி, நாற்று நட்டு, தடமே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்றால் ரேஸ்டு:ஹைவே=பாத். முன்னொட்டு சேர்ந்தவுடன் அந்தக் கோடு பொது வரைபடங்களிலும் வழித்தேடலிலும் வராது. எடிட்டரில் மட்டும் தெரியும். அடுத்தவர் அதைப் பார்த்து வரையாமல் நிற்பார். சில வருடம் கழித்து புதிய செயற்கைக்கோள் படத்திலும் சுவடு இல்லை என்றால் அப்போது தாராளமாக அழிக்கலாம்.

பொதுமக்கள் கண்ணில் படக் கூடாது என்பதற்காகத் தெளிவாக இருக்கும் பாதைக்கு அபண்டன்டு முன்னொட்டு போடுவது இப்போது பரவலாக நடக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தரையில் நல்ல பாதை, வரைபடத்தில் கைவிட்ட பாதை என்றால் நேரில் பார்க்கும் அடுத்தவர் 'தவறு' என்று திருத்திவிடுவார். திருத்தும்போது ஆக்சஸ் பற்றி அவருக்குத் தோன்றாது. பழைய சுழற்சி மறுபடி தொடங்கும்.

யானைத் தடுப்பு அகழி ஒரு தனி விஷயம். பாதையின் குறுக்கே புதிதாக அகழி வெட்டியிருந்தால் பாதை அங்கே உண்மையாகவே அறுந்துவிட்டது. அகழியை பேரியர்=டிட்ச் என்று தனிக்கோடாக வரைந்து, பாதையை இரு கரையிலும் நிறுத்துங்கள். சூரிய மின்வேலி என்றால் பேரியர்=ஃபென்ஸ், ஃபென்ஸ்_டைப்=எலக்ட்ரிக். வேலியில் ஆள் நுழையும் கதவு இருந்தால் பாதையும் வேலியும் வெட்டும் புள்ளியில் பேரியர்=கேட்.

திருத்தும் வரிசை இப்படி இருக்கட்டும். களத்தில் பலகையைத் தேதி தெரியும்படி படமெடுங்கள், உத்தரவின் ந.க. எண் (கோப்பு எண்) கீழே சிறிய எழுத்தில் இருக்கும், அது படத்தில் விழ வேண்டும். மூடல் எங்கிருந்து எங்கு வரை என்று நடைபாலம், ஓடை, பாறை என ஏதாவது ஒரு அடையாளத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். தடையை மீறி உள்ளே போய் முனையைத் தேட வேண்டாம். பலகை இருக்கும் இடம் வரை போதும், மறுமுனையைச் சரக அலுவலகத்தில் கேட்கலாம். எடிட்டரில் முதலில் கோட்டின் வரலாற்றைத் திறந்து முன்பு யார் என்ன செய்தார்கள் என்று படியுங்கள். பிறகு மூடிய பகுதியை மட்டும் வெட்டுங்கள். ஜோஸம் என்ற எடிட்டரில் 'பி' விசை, ஐடி எடிட்டரில் 'எக்ஸ்' விசை. பத்து கிலோமீட்டர் பாதையில் கடைசி இரண்டு கிலோமீட்டர் மூடியிருக்க, முழுக் கோட்டுக்கும் தடை போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வெட்டிய பகுதிக்கு:

ஆக்சஸ்=நோ
நோட்=வனத்துறைப் பலகை, 2025 மார்ச்; பாதை தரையில் உள்ளது, திறந்ததாக மாற்ற வேண்டாம்
டிஸ்கிரிப்ஷன்=பொதுமக்களுக்கு மூடப்பட்டது
செக்_டேட்=2025-03-10

நோட் சாவி அடுத்து திருத்துபவருக்கு, டிஸ்கிரிப்ஷன் நடப்பவருக்கு. பல செயலிகள் டிஸ்கிரிப்ஷனை அப்படியே திரையில் காட்டும் என்பதால் அதில் சுருக்கமாக, மரியாதையாக எழுதுங்கள். காரணம் தெரிந்தால் சேருங்கள்: 'தீக்காலம்', 'நிலச்சரிவு'. காரணம் தெரிந்தவர் திரும்பிப் போக அதிகம் தயங்குவதில்லை.

இங்கே கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது பழைய குறிச்சொற்கள். ஆக்சஸ்=நோ போட்டுவிட்டு, ஏற்கெனவே இருந்த ஃபுட்=டெசிக்னேட்டட் அல்லது ஃபுட்=யெஸ் அப்படியே கிடந்தால் உங்கள் திருத்தம் வீண். பொதுவான சாவியைக் குறிப்பான சாவி மீறும் என்பது விதி. வழித்தேடல் ஃபுட்=யெஸ்ஸைத்தான் எடுத்துக்கொண்டு நடப்பவரை உள்ளே அனுப்பும். ஃபுட், பைசைக்கிள், ஹார்ஸ் மூன்றையும் பார்த்து முரணானதை நீக்குங்கள்.

அடுத்தது ரிலேஷன், அதாவது பல கோடுகளை ஒரே வழித்தடமாகச் சேர்த்துக் கட்டும் தொகுப்பு. அந்தப் பாதை ஏதாவது மலையேற்ற வழித்தட ரிலேஷனில் உறுப்பாக இருந்தால், வழித்தடங்களைத் தனியாகக் காட்டும் வரைபடங்கள் அதை வண்ணக்கோடாகக் காட்டிக்கொண்டே இருக்கும். உறுப்புக் கோட்டில் போட்ட தடையை அவை கவனிக்காது. மூடிய பகுதியை ரிலேஷனிலிருந்து எடுங்கள், மாற்றுப்பாதை அறிவித்திருந்தால் அதைச் சேருங்கள். பாதைத் தொடக்கத்தைக் குறிக்கும் புள்ளி, கைகாட்டிப் பலகைகள் இன்னும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கதவுப் புள்ளிக்கு மட்டும் தடை போட்டுக் கோட்டை விட்டுவிட்டால், மறுமுனையிலிருந்து வருபவரைச் செயலி கதவு வரை கூட்டிவந்து நிறுத்தும். கோட்டுக்கும் போடுங்கள்.

படத்தைப் பார்த்து வரைபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது: காட்டில் தெரியும் எல்லா நேர்கோடும் பாதையில்லை. மலைமுகட்டில் அகலமாக ஓடும் மொட்டைக்கோடு பெரும்பாலும் தீத்தடுப்புக் கோடு; அதற்கு மேன்_மேட்=கட்லைன், கட்லைன்=ஃபயர்பிரேக். மரம் ஏற்றிய காலத்துக் கூப்பு ரோடு என்றால் ஹைவே=டிராக், அதுவும் இன்றைய நிலையைப் பொறுத்து முன்னொட்டோடு. சதுப்பையும் உப்புமண்ணையும் நோக்கிக் கூடிவரும் வளைந்த தடங்கள் யானையும் காட்டெருமையும் போட்டவை. அவற்றை ஹைவே=பாத் என்று வரைந்து ஒரு ஆளை அதிகாலையில் அந்த வழியில் நடக்க வைப்பதைவிட ஆபத்தான பிழை இந்தத் துறையில் இல்லை. ஹீட்மேப்பில் வரி இருப்பது யாரோ கைபேசியோடு போனார்கள் என்பதற்கு மட்டும் சான்று. போனவர் ரோந்துக் காவலராக இருக்கலாம், தடையை மீறியவராகவும் இருக்கலாம். காப்புக்காட்டுக்குள் புதிய பாதையை வெறும் படத்தை வைத்து வரையாமல், அந்த இடத்தில் ஒரு குறிப்பு போட்டு உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள்.

தகராறு வந்தால் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். அழித்தவரின் சேஞ்ச்செட்டில் (ஒரே தடவையில் பதிவேற்றிய திருத்தங்களின் தொகுப்பில்) கருத்து எழுதுங்கள்: பாதை தரையில் இருக்கிறதா, எந்த உத்தரவு, எந்தத் தேதி என்று கேளுங்கள். அழித்தவர் வனத்துறை ஊழியராக இருந்தால் அவருக்கு இந்த அமைப்பு புதிதாக இருக்கும். அவர் விரும்புவது ஆள் வராமலிருப்பதை. அதற்குக் கோடு இருந்து தடை தெரிவதே உதவும் என்பதை, முன்பு அழித்து மறுபடி வரைந்த வரலாற்றைக் காட்டிச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அவரிடம் மூடிய பாதைகளின் பட்டியல், தொடக்க முடிவு இடங்கள், உத்தரவு நாள், மறுபரிசீலனை நாள் நான்கையும் கேட்டு வாங்குங்கள். அந்தப் பகுதியில் எல்லாப் பாதைக்கும் ஒரே தடவையில் சரியான குறிச்சொல் இட்டுவிடலாம். பேசியும் தீராவிட்டால் மட்டும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தகராறுகளைக் கவனிக்கும் டேட்டா ஒர்க்கிங் குரூப்புக்குப் போக வேண்டும்.

வரையவே கூடாதவை சில உண்டு. வேட்டைத் தடுப்பு முகாமுக்கு மட்டும் போகும் ரோந்துத் தடம், இருவாச்சி கூடு கட்டும் மரத்தடிக்குப் போகும் தடம், பழங்குடிக் குடியிருப்பினர் தங்கள் வழிபாட்டிடத்துக்கு மட்டும் நடக்கும், வெளியார் அறிய அவர்கள் விரும்பாத தடம். இவை முன்பே வரைபடத்தில் இல்லையென்றால் நீங்கள் சேர்க்காதீர்கள். ஒன்றைச் சேர்க்காமல் இருப்பதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊரறிந்த, படத்தில் பளிச்சென்று தெரியும் பாதைக்கு இந்த வாதம் பொருந்தாது.

இட்ட தடைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபாருங்கள். குறிச்சொல்லை வைத்து வரைபடத் தரவைத் தேடும் ஓவர்பாஸ் டர்போ இணையதளத்தில் உங்கள் சரகத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, ஹைவே=பாத்தும் ஆக்சஸ்=நோவும் சேர்ந்த கோடுகளைத் தேடினால் பட்டியல் வந்துவிடும்; செக்_டேட் பழையதாக இருப்பவற்றை முதலில் எடுங்கள். பாதை திறந்துவிட்டது என்றால் ஆக்சஸ்=நோவை நீக்குவதோடு, நோட் சாவியையும் டிஸ்கிரிப்ஷனையும் நீக்கி, அனுமதிச் சீட்டு முறை வந்திருக்கிறதா என்று பார்த்து ஃபுட்=பெர்மிட் இட்டு, ரிலேஷனில் விட்ட இடத்தில் கோட்டைத் திரும்பச் சேருங்கள். சேஞ்ச்செட் குறிப்பில் திறப்பு அறிவிப்பின் தேதியை எழுதிவிடுங்கள். பழைய பலகையின் படத்தை வைத்துக்கொண்டு யாரும் மறுபடி மூடாமல் இருக்க அது உதவும்.